சர்வீஸ் கால் எண்ணிக்கை ஏறுகிறது, சம்பளம் ஏறவில்லை: ஒரு யுபிஎஸ் சர்வீஸ் இன்ஜினியருக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 28. டிப்ளமோ இஇஇ (எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ்) முடித்தவன். ஆறு வருடமாக ஒரு யுபிஎஸ் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் பார்ட்னரிடம் ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். மதுரை, திண்டுக்கல், தேனி மூன்று மாவட்டமும் என் ஏரியா. மொத்தச் சம்பளம் 21,500 ரூபாய். அதில் பேசிக் 9,500, வீட்டு வாடகைப் படி 3,800, ஸ்பெஷல் அலவன்ஸ் 8,200. போன ஏப்ரலில் ஏறியது 1,000 ரூபாய். சொந்த பைக்கில் மாதம் 1,800 கிலோமீட்டர் ஓடுகிறேன். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் தருகிறார்கள். பேங்க், ஆஸ்பத்திரியிலிருந்து மெஷின் பழுது என்று கால் வந்தால் ராத்திரியிலும் போக வேண்டும். அதற்குத் தனியாக எதுவும் கிடையாது. நேற்று வந்த பையனுக்கு 17,000. எல்லாரையும் விட அதிக கால் முடிப்பது நான்தான், ஆனால் கேட்டால் ஓனர் "பார்க்கலாம்" என்கிறார். வேலையை விடவா? சென்னைக்குப் போகவா? கல்ஃபுக்கா? பார்ட் டைம் பி.இ. சேரவா?
- மதுரை வாசகர் ஒருவர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆதங்கம் முழுக்க நியாயமானது. ஆனால் "அதிக கால் முடிப்பது நான்தான்" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த சர்வீஸ் பார்ட்னரிடமும் சம்பளம் வாங்க முடியாது. ஒரு ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், கையெழுத்தாகும்போதே அந்த வருடத்துக்கான தொகை முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு ஆள் இரண்டு தடவை போனாலும் பத்துத் தடவை போனாலும் வரும் பணம் அதேதான். பெட்ரோலும் நேரமும் ஸ்பேரும்தான் கூடுதலாகப் போகும். நீங்கள் முடிக்கும் ஒவ்வொரு பிரேக்டவுன் காலும் ஓனரின் கணக்கில் செலவுப் பக்கத்தில் ஏறுகிறது. நிறைய கால் முடித்தேன் என்று நீங்கள் சொல்லும்போது, நம்ம ஏரியாவில் மெஷின் அடிக்கடி நிற்கிறது என்றுதான் அவர் காதில் விழும். உங்கள் பெயர் வரவுப் பக்கத்தில் ஏற வேண்டும். அதற்கான வழியைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் உங்கள் சொந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய எண்களிலேயே பணம் ஒழுகும் இடங்கள் தெரிகின்றன.

பைக்கில் போகும் இன்கிரிமென்ட்

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டூல் பேக், மீட்டர், சில நாள் பின்சீட்டில் ஒரு பேட்டரி என்று சுமையோடு ஓடும் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. ஆக பெட்ரோலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 2.24 ரூபாய். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து 750 ரூபாய் என்றால் 25 பைசா. இரண்டு டயரும் சேர்த்து 4,000 ரூபாய், 30,000 கிலோமீட்டர் வரும் என்றால் 13 பைசா. செயின் ஸ்ப்ராக்கெட் 20,000 கிலோமீட்டருக்கு 1,800 ரூபாய் என்றால் 9 பைசா. பிரேக், கிளட்ச், வண்டி பேட்டரி என்று இன்னொரு 10 பைசா, இன்சூரன்ஸ் 7 பைசா.

யாரும் கணக்கில் சேர்க்காதது வண்டியின் தேய்மானம். ஒரு லட்சத்துக்கு வாங்கிய பைக்கை 90,000 கிலோமீட்டர் ஓட்டி 30,000-க்கு விற்றால் 70,000 ரூபாய் ரோட்டில் போயிருக்கிறது. அது கிலோமீட்டருக்கு 78 பைசா. எல்லாவற்றையும் கூட்டினால் 3.66 ரூபாய். கம்பெனி தருவது 3 ரூபாய். மாதம் 1,800 கிலோமீட்டருக்கு 1,188 ரூபாயை நீங்கள் கையிலிருந்து போடுகிறீர்கள். வருடத்துக்கு 14,256. போன ஏப்ரலில் ஏறிய ஆயிரம் ரூபாய் வருடத்துக்கு 12,000தான். இன்கிரிமென்ட் முழுவதையும் வண்டி எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு இரண்டாயிரத்துச் சொச்சம் உங்களிடம் கேட்கிறது.

உங்கள் வண்டி மைலேஜ், உங்கள் ஊர் விலை போட்டு இதை ஒரு தாளில் எழுதுங்கள். சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் "எல்லாருக்கும் கூட்ட வேண்டிவரும்" என்று தட்டிக்கழிக்கலாம். செய்த செலவைத் திருப்பித் தரச் சொன்னால் அப்படிச் சொல்ல முடியாது. கிலோமீட்டர் ரேட்டைத் தனியாக, முதலிலேயே கேளுங்கள். மேப் காட்டும் தூரம்தான் கணக்கு என்றால், ஆபீஸிலிருந்து சைட்டுக்கு மட்டுமா, சைட்டுக்கு சைட் தூரமும் சேருமா, ஸ்பேர் எடுக்கத் திரும்பி வந்தது சேருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ரேட் சரியாக இருந்தும் பணம் ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்து உங்கள் சம்பளச் சீட்டு. போன வருடம் உங்கள் சம்பளம் 20,500. இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் சம்பள வரம்பு 21,000. மொத்தச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால், ஆயிரம் ரூபாய் ஏறியதும் நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். பிடித்தம் மாதம் 154 ரூபாய் மிச்சமாகியிருக்கும். போனது அதைவிடப் பெரியது. தினமும் சராசரி 70 கிலோமீட்டர் பைக் ஓட்டுகிறவருக்கு டியூட்டியில் விபத்து நடந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கொடுப்பது இஎஸ்ஐ. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் அதில் அடங்கும். குடும்பத்துக்கான வைத்தியமும் அதிலிருந்துதான் வந்தது. பிடித்தம் நின்றிருந்தால் இப்போது இது எதுவும் இல்லை. இஎஸ்ஐ இல்லாத தொழிலாளிக்கு வேலையில் விபத்து என்றால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளி மேல் விழுகிறது. அதற்குக் கம்பெனி பாலிசி எடுத்திருக்கிறதா, குரூப் விபத்துக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். இல்லை என்றால் சம்பளப் பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றைச் சொந்தமாகவே எடுத்துவிடுங்கள். தற்காலிக ஊனத்துக்கு வாராந்திரத் தொகை தரும் பிரிவு அதில் இருக்க வேண்டும். கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே.

பிஎஃப் கணக்கும் சரியாக இல்லை என்று தோன்றுகிறது. பேசிக்கை 9,500 என்று குறைத்து, 8,200-ஐ ஸ்பெஷல் அலவன்ஸில் வைத்தால் பிஎஃப் 1,140 ரூபாயோடு நிற்கிறது. எல்லாருக்கும் மாதாமாதம் ஒரே மாதிரி தரப்படும் ஸ்பெஷல் அலவன்ஸும் பிஎஃப் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும், கூலி என்ற கணக்கிலிருந்து கழிக்கக்கூடிய படிகளின் பட்டியலில் ஸ்பெஷல் அலவன்ஸ் இல்லை. உங்களுக்கு 15,000 என்ற உச்சவரம்பின்படி 1,800 ரூபாய் போக வேண்டும், ஓனர் பங்கும் 1,800. உங்கள் கைக்கு வருவது மாதம் 660 குறையும், பிஎஃப், பென்ஷன் இரண்டிலும் சேர்த்து 1,320 கூடும். இதைப் போர்க்கொடியாகத் தூக்க வேண்டாம். பேச்சில் உங்களுக்கு இருக்கும் ஒரு பிடி இது என்று தெரிந்து வைத்திருங்கள். கிராஜுவிட்டிக்கும் (பணிக்கொடை) இதே வித்தியாசம் உண்டு. பேசிக்கை மட்டும் எடுத்தால் ஆறு வருடத்துக்கு 32,885 ரூபாய். ஸ்பெஷல் அலவன்ஸையும் சேர்த்து 17,700 என்று எடுத்தால் 61,269. அதை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வராதீர்கள்.

வரவுப் பக்கத்துக்கு வருவது

சர்வீஸ் பார்ட்னருக்குக் கஸ்டமரிடமிருந்து பணம் வருகிற வாசல் மூன்று: ஏஎம்சி புதுப்பித்தல், பேட்டரி விற்பனை, வாரன்டி முடிந்த மெஷினின் ஸ்பேர். பணம் வெளியே போகும் பெரிய ஓட்டை, ஒரே மெஷினுக்குத் திரும்பத் திரும்ப ஆள் போவது. இவற்றில் உங்கள் கை படாத இடமே கிடையாது. ஆனாலும் உங்கள் கால் ஷீட்டில் "செக்டு, ஓகே" என்று இருக்கிற வரையில் அதை யாராலும் பார்க்க முடியாது.

ஒரு சாதாரணப் புகாரை எடுத்துக்கொள்வோம். பேங்க் கிளையில் 20 கேவிஏ யுபிஎஸ், அதோடு 12 வோல்ட் 65 ஏஹெச் எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய) பேட்டரி 32. கரண்ட் போனால் இரண்டு நிமிடத்தில் லோடு விழுகிறது, அதாவது யுபிஎஸ்ஸில் ஓடும் எல்லாம் அணைகிறது. போகிறவர் மீட்டரை வைத்துப் பார்க்கிறார். எல்லா பேட்டரியும் 13.5, 13.6 காட்டுகிறது. டெர்மினலை இறுக்கிவிட்டு, ரீசெட் செய்து, கையெழுத்து வாங்கி வருகிறார். அடுத்த வாரம் அதே கால். ஃப்ளோட்டில், அதாவது சார்ஜரோடு இணைந்தே இருக்கும் பேட்டரி, சார்ஜரின் வோல்டேஜைத்தான் காட்டும். செல் செத்திருந்தாலும் நல்லதுபோலவே நிற்கும். லோடில் இறக்கினால்தான் உண்மை தெரியும்.

மேனேஜரிடம் சொல்லி, பிசினஸ் நேரம் முடிந்தபின் இன்புட் பிரேக்கரை இறக்கி 10 நிமிடம் பேட்டரியில் ஓட்டுங்கள். 2-வது, 5-வது, 10-வது நிமிடத்தில் 32 பேட்டரியின் வோல்டேஜையும் குறியுங்கள். நல்லது 12.2, 12.3 என்று மெதுவாக இறங்கும். கெட்டது 11-க்கும் கீழே சறுக்கி, கட்-ஆஃப் ஆன 10.5-ஐத் தாண்டிப் போய்விடும். அப்படி இரண்டு மூன்று இருந்தால் மொத்த வரிசையும் அவற்றால் விழுகிறது. வரிசைக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருந்தால் கெட்டதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். புதியதும் பழையதும் ஒரே சார்ஜிங்கில் ஒத்துப்போகாது. பழையது புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். ரூமின் சூட்டையும் எழுதுங்கள். 25 டிகிரியில் வைக்க வேண்டிய பேட்டரியை 35 டிகிரி ரூமில் வைத்தால் ஆயுள் ஏறத்தாழ பாதிதான். ஏசி இல்லாத மாடிப்படிக் கீழ் அறைகளில் இரண்டே வருடத்தில் பேட்டரி போவது இதனால்தான். இதை எழுதாவிட்டால் பழி உங்கள் பிராண்டு மேல் விழும்.

இந்த 32 எண்ணும் மூன்று வரிசையாக ரிப்போர்ட்டில் இருந்து, கீழே மேனேஜர் கையெழுத்தும் இருந்தால் அது சேல்ஸ் ஆள் நான்கு தடவை போய் வாங்க முடியாத ஆர்டர். பேட்டரி ஒன்று சுமார் 7,000 என்றால் மொத்தம் 2,24,000 ரூபாய். அந்த ரிப்போர்ட் நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெஷின், எந்தத் தேதி, கொட்டேஷன் போனதா, ஆர்டர் வந்ததா என்று தொடர்ந்து எழுதிவாருங்கள்.

போர்டு மாற்றியும் மாற்றியும் நிற்கும் மெஷின் இன்னொரு வகை. இன்வர்ட்டர் போர்டு இரண்டாவது தடவையும் எரிந்தால் மூன்றாவது போர்டைக் கேட்காதீர்கள். யுபிஎஸ்ஸை விட்டு வெளியே வந்து பாருங்கள். லோடு இருக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் எவ்வளவு? இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் டிபி-யில் (மின்பகிர்வுப் பெட்டி) நியூட்ரல் ஜாயின்ட்டைத் தேட வேண்டும். கருத்துப்போன கேபிள் முனை லக், அலுமினியக் கேபிளைத் தாமிர பஸ்பாரில் நேராக முறுக்கிய இடம், பொதுவாக அங்கே இருக்கும். ஆஸ்பத்திரிகளில் வரும் புகார் வேறு: ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், யுபிஎஸ் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே நின்று கடைசியில் கட் ஆகும். இதற்கும் போர்டு காரணமில்லை. ஜெனரேட்டர் ஃப்ரீக்வென்சி ஆடுகிறதா என்று லோடு ஏறும் நேரத்தில் பாருங்கள். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரியில்லை என்றால் ஜெனரேட்டர் ஆளை வரச்சொல்லி எழுதிக்கொடுங்கள். மெஷினில் சாஃப்ட் ஸ்டார்ட் நேரத்தைக் கூட்டுவதும், ஜெனரேட்டரில் ஓடும்போது சார்ஜிங் கரண்ட்டைக் குறைப்பதும், கம்பெனி அனுமதிக்கும் அளவுக்குள் ஃப்ரீக்வென்சி விண்டோவை விரிப்பதும் உங்கள் கையில் இருக்கும் வேலை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 32 பேட்டரி வரிசை ஃப்ளோட்டில் 430 வோல்ட்டைத் தாண்டும் டிசி. ராத்திரி ஒன்றரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தனியாளாக அதில் ஸ்பேனர் வைப்பது உயிரோடு விளையாடுவது. பேட்டரி பிரேக்கரை இறக்கி, கெப்பாசிட்டர் வடியக் கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ராத்திரி காலுக்குப் பணம் கேட்பதற்கு முன்னால் இரண்டாவது ஆளைக் கேளுங்கள். பேட்டரி பேங்க் வேலை என்றால் தனியாகப் போக மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இப்படி வேலை செய்தால் ஒரு சைட்டுக்குக் கூடுதலாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு நான்கு கால் என்பது மூன்றாகும். இதை முதலிலேயே ஓனரிடம் சொல்லுங்கள்: "மூன்று மாதம் என் ஏரியாவில் இப்படிப் பார்க்கிறேன், ரிப்பீட் கால் குறைகிறதா பாருங்கள்." சொல்லாமல் செய்தால் கால் பதிவாகும் கம்பெனி ஆப்பில் உங்கள் எண்ணிக்கை குறைந்து, வேலை செய்கிறவருக்கே கெட்ட பெயர் வரும்.

அந்த மூன்று மாதமும் தேதி, மாடல், கேவிஏ, சொன்ன புகார், கண்ட காரணம், செய்த வேலை, 30 நாளில் அதே மெஷின் திரும்பி வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கஸ்டமரின் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எதுவும் அதில் வேண்டாம். அவை கம்பெனியின் சொத்து. நாளைக்கு இன்டர்வியூவில் இந்த நோட்டைக் காட்டும்போது பழைய கஸ்டமர் பட்டியலைத் தூக்கிவந்தவர் என்ற பெயர் வரக்கூடாது. பிரைவேட் கால் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சம்பளம் போதாதபோது முதலில் வரும் யோசனை அதுதான். கம்பெனி கஸ்டமரிடம் ஞாயிற்றுக்கிழமை போய் 500, 1,000 வாங்குவது, கழற்றிய பழைய பேட்டரியைக் கடையில் போடுவது இரண்டும் வேண்டாம். அந்த வேலையில் விபத்து நடந்தால் எந்தப் பாலிசியும் வராது. விஷயம் வெளியே வந்தால் ஆறு வருட அனுபவச் சான்று போகும். இந்தத் தொழிலில் மதுரையிலிருந்து கோவை வரைக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்த நூறு பேர்தான்.

கேட்கும் விதம்

இன்கிரிமென்ட் ஏப்ரலில் என்றால் தொகை பிப்ரவரிக்குள் முடிவாகியிருக்கும். ஜனவரியில் கேளுங்கள். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்த கோபத்தில் கேட்காதீர்கள். ஒரே ஒரு பக்கம் தாளில் எழுதி, உட்கார்ந்து பேச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். உதாரணத்துக்கு:

"கடந்த மூன்று மாதத்தில் என் ஏரியாவில் 30 நாள் ரிப்பீட் கால் 19-லிருந்து 7-ஆகக் குறைந்தது. என் ரிப்போர்ட்டின் மேல் போன பேட்டரி கொட்டேஷன் ஆறு, ஆர்டர் மூன்று. வாரன்டி முடிந்து ஏஎம்சி இல்லாமல் இருந்த 14 மெஷினின் சீரியல் நம்பர் கொடுத்தேன். ஐந்து ஏஎம்சி ஆனது. நான் கேட்பது: சம்பளம் 26,000, கிலோமீட்டருக்கு 4 ரூபாய், கணக்கு இணைப்பில், ராத்திரி 10 மணிக்குப் பிந்தைய காலுக்கு 400 ரூபாயும் மறுநாள் அரை நாள் விடுப்பும், என் ரிப்போர்ட்டால் வரும் பேட்டரி ஆர்டரில் 1 சதவீதம், த்ரீ ஃபேஸ் பேரலல் மெஷின் ட்ரெய்னிங்குக்கு என் பெயர்."

எண்கள் உங்களுடையதாக, நிரூபிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். புதுப் பையனின் 17,000 பற்றிப் பேசவே வேண்டாம். பேச்சு அவரைப் பற்றிப் போய்விடும். ஓனர் மறுத்தால் "எது செய்தால், எந்த மாதம்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அன்று மாலையே ஒரு மெயிலில் எழுதி அனுப்புங்கள். "பார்க்கலாம்" என்பதற்கு அப்போதுதான் ஒரு தேதி கிடைக்கும். எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும்படி வந்தால் கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டியது ட்ரெய்னிங். சம்பளத்தை விட அது முக்கியம் என்று நினைக்கிறேன். 100 கேவிஏ-வுக்கு மேலே கமிஷனிங் (புது மெஷினை நிறுவி ஓடவைப்பது), பேரலல், மாடுலர், லித்தியம் பேட்டரி, மெஷினைத் தூரத்திலிருந்து கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி கார்டு, மோட்பஸ் இணைப்பு தெரிந்த ஆட்கள் குறைவு. தென்மாவட்டங்களில் இன்னும் குறைவு. 10 கேவிஏ-வில் ஃபேன் மாற்றுபவர்கள் நிறைய.

ஓனர் நல்லவராகவே இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. அவருக்குத் தயாரிப்புக் கம்பெனி தருவது ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. அதற்குள்தான் அவர் சம்பளம் தர முடியும். இன்னொரு பார்ட்னரிடம் தாவினாலும் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல் பெரிய மாற்றம் இராது. அடுத்த தாவல் வேறு தளத்துக்கு இருக்கட்டும்.

முதலாவது, தயாரிப்புக் கம்பெனியின் சொந்த ரோல், அதாவது அங்கேயே நேரடி வேலை. வெர்டிவ், ஷ்னைடர், ஈட்டன், டெல்டா, லெக்ராண்ட் குழுமத்தின் நியூமெரிக், ஃப்யூஜி எலக்ட்ரிக்கின் கான்சல் நியோவாட் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் ஆள் தேவை உண்டு. அங்கே கேட்பது எத்தனை கால் என்பதை அல்ல. எவ்வளவு பெரிய மெஷின், என்ன பழுதைக் கண்டுபிடித்தீர்கள் என்பதைத்தான். உங்கள் நோட்டு அங்கே பேசும்.

இரண்டாவது, கஸ்டமர் பக்கம் போவது. சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி டேட்டா சென்டர்களில் ஷிஃப்ட் இன்ஜினியர் வேலை இருக்கிறது. பைக் ஓட்டம் இல்லை, விபத்துப் பயம் குறைவு, நேரம் நிச்சயம். அதற்கு யுபிஎஸ் மட்டும் தெரிந்தால் போதாது. சிங்கிள் லைன் டயகிராம் படிக்க, ஹெச்டி (உயர் மின்னழுத்த) பேனல், ஜெனரேட்டர் சிங்க்ரனைசிங், சில்லர் (குளிரூட்டும் மெஷின்) அடிப்படை, வேலை நடக்கும்போது சுவிட்சைப் பூட்டி அட்டை மாட்டும் லாக்-அவுட் டேக்-அவுட் முறை தெரிய வேண்டும். மாதச் சம்பளத்தை மதுரைச் சம்பளத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். குடும்பத்தோடு போனால் வாடகை, அட்வான்ஸ், பிள்ளைகள் பள்ளி என்று குறைந்தது 15,000 கூடுதலாகப் போகும். 35,000-க்குக் கீழே என்றால் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போக வேண்டாம் என்பேன். மதுரையிலேயே பெரிய ஆஸ்பத்திரி, மில், டயர் தொழிற்சாலைகளில் மின்பராமரிப்பு வேலையும் பாருங்கள். அங்கே கேட்பது சி லைசன்ஸ். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் அந்த மேற்பார்வையாளர் தகுதிச் சான்றை டிப்ளமோவையும் அனுபவச் சான்றையும் வைத்து விண்ணப்பித்து வாங்கலாம். ஆறு வருடமாக நீங்கள் வாங்காமல் விட்டது அதுதான் என்று நினைக்கிறேன். எல்லாத் திட்டத்துக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

பார்ட் டைம் பி.இ. நல்லதுதான். ஆனால் மூன்றரை வருடம் மாலை வகுப்பு. மூன்று மாவட்டம் சுற்றும் வேலையில், ஆறு மணி வகுப்புக்குத் தேனியிலிருந்து திரும்பி வருவது நடக்காது. வருகைப்பதிவு குறைந்து பணமும் போகும். ஷிஃப்ட் வேலைக்கு மாறிய பிறகு சேருங்கள்.

கல்ஃப் என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று முதலில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் நிற்காதீர்கள். விசாவில் எழுதியிருக்கும் பதவிதான் அங்கே உங்கள் அடையாளம். யுபிஎஸ் டெக்னீசியன் என்று சொல்லிவிட்டு ஹெல்பர் விசாவில் அனுப்பினால் சம்பளமும் அதன்படிதான். சவூதியில் இன்ஜினியர் பதவிக்கு அங்கேயுள்ள பொறியாளர் கவுன்சிலில் பதிவு வேண்டும். டிப்ளமோவுக்கு அந்தப் பதவி தருகிறேன் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். ஃபீல்டு சர்வீஸ் என்றால் அங்கே கார் ஓட்ட வேண்டும். எங்கே போவதானாலும் கார் லைசன்ஸை இங்கேயே எடுத்துவிடுங்கள்.

வேலை கையில் இருக்கும்போதே வேறு தேடுங்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா வேண்டாம். விடும்போது நோட்டீஸ் காலத்தை முழுக்க இருந்து முடியுங்கள். கம்பெனி மீட்டர், லேப்டாப், கையிருப்பு ஸ்பேர் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைக்க வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் "ஸ்பேர் கணக்கு டேலி ஆகவில்லை" என்பது. புதிய சட்டப்படி கடைசிச் செட்டில்மென்ட் இரண்டு வேலைநாளில் வர வேண்டும். கிராஜுவிட்டியைத் தனியாக எழுதிக் கேளுங்கள். பணி இன்ஜினியர் என்ற பெயரில் இருப்பதால் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று சொன்னால் நம்ப வேண்டாம். கையால் தொழில்நுட்ப வேலை செய்கிறவர் சட்டப்படி தொழிலாளிதான், பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையை அணுகலாம். அனுபவச் சான்றில் "சர்வீஸ் இன்ஜினியராகப் பணியாற்றினார்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடாமல், நீங்கள் பார்த்த மெஷின்களின் கேவிஏ அளவு, கமிஷனிங் செய்தவை, பார்த்த மாவட்டங்கள், முழுநேரப் பணிக்காலத்தின் தேதிகள் எல்லாம் வருமாறு ஒரு வரைவை நீங்களே எழுதிக்கொடுத்து ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். சி லைசன்ஸுக்கும் அடுத்த வேலைக்கும் அதே தாள்தான்.